மாயாவியின் சட்டை எங்கே போகிறது?

இரும்புக்கை மாயாவி பிளக் பாயிண்டில் விரலை விடுவார். உடம்பு மறைந்துவிடும். சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் போட்டிருக்கிற கோட்டும் சட்டையும் எப்படி மறைகின்றன? ஷூவுக்கு யார் ஷாக் கொடுத்தது? எல்லாம் போன பிறகும் அந்த இரும்புக் கை மட்டும் மறையாது. அந்தரத்தில் தனியாக மிதந்துபோய் வில்லனின் தாடையில் ஒன்று வைக்கும்.

இதை வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ. 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய 'தி ஸ்டீல் கிளா', 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழ் பேசியது. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டேல் நமக்கு மாயாவி ஆனார்.

அந்தக் காலத்து நாயகர்களின் தோற்றத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம். லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடருக்குக் கூர்மையான காது, நெற்றியில் முக்கோணமாக இறங்கும் முடி, உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை. ரெஜ் பன் அவரை அத்தனை கோடு போட்டு இழைத்திருக்கிறார், நல்லவனா கெட்டவனா என்று கடைசிவரை சந்தேகமாகவே இருக்கும். ரோபோ ஆர்ச்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாசகர்களே சட்டித்தலையன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மாயாவி விஷயம் வேறு. நாயகன் பாதி நேரம் கண்ணுக்கே தெரியமாட்டான் என்றால் ஓவியருக்குச் சம்பளத்தோடு லீவு என்றுதான் தோன்றும். பிளாஸ்கோவுக்கு அங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது. சுவர், நிழல், பயந்த முகங்கள், பின்வாங்கும் கால்கள். எல்லாவற்றையும் நிஜம்போல வரைந்தால்தான் நடுவிலிருக்கும் வெற்றிடத்தில் ஓர் ஆள் நிற்கிறான் என்று நம்புவோம்.

எனக்கு இந்தப் புத்தகங்கள் சித்தப்பாவிடமிருந்து வந்தவை. செமினி பக்கம் தோட்டத்தில் வேலை செய்தபோது, சம்பளம் வாங்கிய ஞாயிறுகளில் கிள்ளானுக்குப் போய் பழைய பிரதிகளாகத் தேடி வாங்குவாராம். ரப்பர் ஷீட் அழுத்தும் மெஷினில் அவருக்கு மூன்று விரல்கள் போய்விட்டன. மிச்ச இரண்டு விரல்களால்தான் பக்கத்தைப் புரட்டுவார்.

சட்டை சந்தேகத்தை அவரிடம் கேட்டேன். "சட்டைய விடுடா. அவனுக்கு இரும்புக் கை கொடுத்தானுங்க. எனக்கு எம்.சி. கொடுத்தானுங்க" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "மாயாவியாச்சும் பரவால்ல. கரண்டு இறங்குனா ஆளு திரும்பத் தெரிவான். தோட்டத்துல நம்ம கை மட்டுந்தான் அவனுங்க கண்ணுக்குத் தெரியும். அந்தக் கையும் போயிட்டா, ஆளே இல்ல."

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. தாமான் வந்துவிட்டது. அங்கே யார் இருந்தார்கள் என்று எழுதும் கட்டுரைகளில் ஏக்கர் கணக்கு இருக்கும், எத்தனை வேலையாள் என்ற எண்ணிக்கை இருக்கும். ஆள் இருக்கமாட்டான். எழுதுகிறவர்கள் பிளாஸ்கோவைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். காணாமல் போனவனைக் காட்ட, அவனைச் சுற்றியிருந்த சுவரையும் விளக்கையும், அவனைப் பார்த்தும் பார்க்காததுபோல் நின்ற முகங்களையும் ஒழுங்காக வரைந்தாலே போதும்.