அனுமந்தரமும் ஆசாரி வீட்டுப் பூனையும்

தஞ்சாவூர் தெற்கு வீதிப் பக்கம் வீணைப் பட்டறையைத் தேடுகிறவர்கள் யாரையும் வழி கேட்க வேண்டியதில்லை. கொட்டாப்புளி உளியின் தலையில் விழும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். என்னோடு வந்த இருவருக்கும் அந்தச் சத்தத்தைவிடப் பட்டறை வாசலில் காலை நீட்டிப் படுத்திருந்த பழுப்புப் பூனைதான் முதலில் கண்ணில் பட்டது. இருவரும் பேஸ் கிதார் வாசிக்கிறவர்கள். ஒருவர் கும்பகோணத்துக்காரர், மெல்லிசைக் குழுவில் இருக்கிறார். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று மாசி முதல் ஆனி வரை அவரைக் கையில் பிடிக்க முடியாது. மற்றவர் திருச்சியில் வங்கி வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிக்கிறவர். இருவர் வீட்டிலும் பூனை உண்டு. ஒன்று கிதாரைப் பற்றிப் பேசுவார்கள், இல்லையென்றால் பூனையைப் பற்றி. பஸ் ஏறியதிலிருந்து மூன்றாவது விஷயம் எதுவும் அவர்கள் வாயில் வரவில்லை.

இவர்களை நான் கூட்டிவந்ததற்குக் காரணம் உண்டு. இளையராஜா பாட்டுகளில் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாக ஓடும் பேஸ் கிதாரைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். அடிக்குரல் என்பதே மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்கள். வீணையின் நாலாவது கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள் என்றேன்.

வீணையில் ஏழு கம்பி. பக்கவாட்டில் இருக்கும் மூன்றும் தாளத்துக்கு. விரல் அழுத்தும் மெட்டுகளின் மேல் ஓடும் நான்கு கம்பிகள் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். மூன்று கட்டையில் சுருதி வைத்தால் அனுமந்தரப் பஞ்சமம் விநாடிக்கு ஏறக்குறைய 62 அதிர்வு. சாதாரணக் கிதாரின் மிகத் தடித்த கம்பி 82. அதாவது பேஸ் கிதாரின் எல்லைக்குள் வீணை வெகுகாலமாகக் குடியிருக்கிறது. கும்பகோணத்துக்காரர் அனுமந்தரத்தை ஒரே ஒரு தடவை மீட்டினார். பிறகு குடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, கார்வை அடங்கும்வரை எடுக்கவில்லை. “அண்ணே, இது நெஞ்சுல வந்து நிக்குது” என்றார்.

பெரிய ஆசாரி சிரித்தார். “வாங்க வர்றவங்க பத்துப் பேர்ல ஒன்பது பேரு யாளி மூஞ்சியப் பாப்பாங்க. அப்புறம் குடத்துல தாமரை இருக்கா, அன்னம் இருக்கான்னு கேப்பாங்க. சாரணிய ரெண்டு தட்டுத் தட்டுவாங்க. இதத் தொட்டவரு நீங்கதான் தம்பி.”

வீணைக்குப் பலா மரம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத்தான் மதிப்பு. முதிர்ந்து வைரம் பாய்ந்த மரமாக இருக்க வேண்டும். கனமும் கூடாது, ஈரத்தைக் குடிக்கவும் கூடாது. குடம், தண்டி, யாளி எல்லாமே ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்கு அவ்வளவு பெரிய அடிமரம் கிடைப்பதே இப்போது பெரும்பாடு. இடது பக்கம் தொங்கும் சுரைக்காய் நிஜச் சுரைக்காயாக இருந்த காலமும் போய்விட்டது. காகிதக் கூழிலோ ஃபைபரிலோ செய்கிறார்கள். தந்தமும் மான்கொம்பும் இழைத்த இடத்தில் பிளாஸ்டிக். இதற்காகக் கண்ணீர் விடுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். யானை உயிரோடு இருக்கட்டும்.

குடம் குடைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இளைய ஆசாரி வலது கையால் உளியை ஓட்டிக்கொண்டே இடது கை முட்டியால் வெளிப்புறத்தைத் தட்டுகிறார். ஓசை ‘டக்’ என்று இருக்கும்வரை உளி வேகமாகப் போகிறது. ஓசை கொஞ்சம் உருண்டு திரும்பி வந்ததும் கை மெதுவாகிறது, சீவல் மெலிகிறது. அளவுகோல் பக்கத்திலேயே கிடக்கிறது, யாரும் எடுக்கவில்லை. சுவர் ஒரு இடத்தில் கூடுதலாக மெலிந்தால் சாரணி கத்தும், அனுமந்தரம் ஊமையாகிவிடும் என்கிறார். மேலே பலகை மூடிய பிறகு இதைச் சரிசெய்ய வழியில்லை.

குடைந்து முடித்து ஓரமாக வைத்த ஒரு குடத்துக்குள் இன்னொரு பூனை சுருண்டு கிடந்தது. திருச்சிக்காரருக்கு அதைப் பார்த்ததும் கை பரபரத்தது. அவர் வீட்டுப் பூனை கிதார் பெட்டியைத் திறந்தால் போதும், உள்ளே இருக்கும் வெல்வெட்டில் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். கும்பகோணத்து வீட்டில் ஆம்ப்ளிஃபயர் மேல்தான் படுக்கை, சூடாக இருக்கிறதல்லவா. ஒலிபெருக்கியின் துணியைப் பிராண்டிப் பிராண்டி நார்நாராக்கி வைத்திருக்கிறது. விரலால் அறைந்து வாசித்தால் எழுந்து போய்விடுமாம். நீளமாக ஒரு சுரத்தைப் பிடித்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்குமாம்.

கேட்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பூனையின் காது மேலே 85,000 அதிர்வுவரை போகும். சுண்டெலிக் குஞ்சின் கீச்சொலி அங்கேதான் இருக்கிறது. கீழே கிட்டத்தட்ட 48-ஓடு நின்றுவிடும். பேஸ் கிதாரின் தடித்த கம்பிக்கு அடிப்படை அதிர்வு 41. அதன் மேல் அடுக்கடுக்காக எழும் ஓசைகளைத்தான் பூனை கேட்கிறது. இதைச் சொன்னதும் கும்பகோணத்துக்காரர் முகம் வாடிப்போயிற்று. அனுமந்தரம் 62 என்பதால் அது பூனைக் காதுக்குள் வந்துவிடும் என்றேன். “அப்ப பூனைக்காகவாவது வீணை கத்துக்கணும்” என்றார்.

பட்டறைக்குப் பூனை செல்லத்துக்காக வந்ததல்ல. டெல்டாவில் எலித்தொல்லை இல்லாத ஊர் ஏது? வயலில் மூங்கிலை வளைத்துக் கிட்டி வைப்பார்கள். தஞ்சாவூர்க் கிட்டி என்றே அதற்குப் பெயர். பட்டறையில் கிட்டி வைக்க முடியாது, சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் இடம். இங்கே எலிக்குத் தீனி தேன்மெழுகும் பசையும். வீட்டு அம்மா காலையில் ஒரு கிண்ணம் பால்சோறு வைக்கிறார். மீதிச் சம்பளத்தைப் பூனையே தேடிக்கொள்கிறது. பாலிஷ் போடும் நாளில் மட்டும் அதற்குப் பட்டறைக்குள் அனுமதி இல்லை. ஈரப் பாலிஷில் ஒரு மயிர் ஒட்டினாலும் மறுபடி தேய்க்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் மேளம் வைக்க, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிக்கத் தொடங்கினார்கள். தகர டப்பாவில் மெழுகு உருகுகிறது. கரித்தூள் சேர்ந்ததும் கறுப்புப் பாகாகிறது. தண்டியின் இரு ஓரத்திலும் அதைக் கரையாகப் பிடித்து, இறுகுவதற்குள் 24 மெட்டுகளையும் நிறுத்தியாக வேண்டும். ஒரு தாயிக்கு 12 வீதம் இரண்டு தாயி. இரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோவிந்த தீட்சிதர் துணையோடு இந்த அமைப்பு இதே தஞ்சாவூரில் உறுதிப்பட்டது என்பது மரபு. அதற்கு முன் ராகத்துக்கு ஏற்ப மெட்டை நகர்த்தும் வீணைகளும் இருந்தன. லியோ ஃபெண்டர் 1951இல் பெரிய டபுள் பேஸுக்கு மாற்றாகத் தோளில் மாட்டும் பேஸ் கிதாரைக் கொண்டுவந்தபோது செய்ததும் இதே வேலைதான்: மெட்டு வைத்தார், விரலுக்குச் சுரம் நிச்சயமாகக் கிடைத்தது. நண்பர்கள் இருவருக்கும் பிடித்த வாத்தியம் அந்த வகைதான். எந்த ஆண்டில் செய்தது, என்ன மரம் என்று இரண்டு மணி நேரம் வாதாடக் கூடியவர்கள், இங்கே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரிய ஆசாரி சாரணியில் ஒரு மெட்டைச் சரிபார்த்தார். அடுத்து பஞ்சமம், மந்தரம். அனுமந்தரத்துக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார். தடித்த கம்பியை மெட்டோடு அழுத்தும்போது சுரம் கொஞ்சம் ஏறிவிடும். பேஸ் கிதாரில் இதற்கு ஒவ்வொரு கம்பிக்கும் பாலத்தில் தனித்தனித் திருகு இருக்கிறது. வீணைக் குதிரையில் அது கிடையாது. அவர் கட்டைவிரல் நகத்தால் மெட்டின் ஒரு முனையை மட்டும் நூலிழை தள்ளினார். நாலு கம்பியையும் திரும்ப மீட்டினார். சரியாக இருந்தது. இப்படி 24 தடவை. கத்திரி வெயிலில் வீணையைக் காருக்குள் பூட்டி வைத்துவிட்டுப் போகிறவர்கள் இந்தக் காட்சியை ஒரு தடவை பார்க்க வேண்டும். மெழுகு இளகினால் அந்த நூலிழைக் கணக்கெல்லாம் போயிற்று.

தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் அதனால் பலா மரத்தின் விலை இறங்கவில்லை, உளி பிடிக்கப் புதுப் பையன்கள் வரிசையில் நிற்கவுமில்லை. விழாக்களில் சிறப்பு விருந்தினருக்குக் கொடுக்கும் முழ நீள அலங்கார வீணைகளை விற்றுத்தான் பல இடங்களில் அடுப்பு எரிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் அந்த வீணையை யாரும் மீட்டப்போவதில்லை. அதற்கு யாளி முகம் மட்டும் மிக நேர்த்தியாக இருக்கும். வேலை தெரிந்த கைகளை இதற்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. ஆசாரி அப்படி நினைக்கவில்லை. “அதுல வர்ற காசுலதான் தம்பி மரம் வாங்குறோம்” என்றார்.

வீட்டுப் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ வீணை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் படம் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள்; நேரே போங்கள். சிற்பத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அனுமந்தரத்தை மீட்டிக் கார்வை எவ்வளவு தூரம் போகிறது என்று கேளுங்கள். பிறகு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். திறந்த கம்பியின் மேல் தாயி அங்கே சுத்தமாகப் பேச வேண்டும். பேசினால் விலையில் பேரம் பேசாதீர்கள். மரத்துக்கான பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, ஆசாரி கேட்கும் அவகாசத்தையும் கொடுங்கள்.