விமானியின் உறக்கம்

ஆய்க்குடியில் வாழும் நாம் விமானம் ஏறத் தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டும். பயணம் புறப்படும் பங்கு மக்களை வழியனுப்புகையில், "விமானம் நேரத்திற்குப் புறப்படுமா?" என்னும் கவலையே எங்கும் நம் காதில் விழுகிறது. ஓட்டுபவர் உறங்கினாரா என்று எவரும் வினவுவதில்லை.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் ஓடுதளம் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்து, 158 பேர் மாண்டனர். தலைமை விமானி பயணத்தில் நெடுநேரம் உறங்கியிருந்தார் என்றும், விழித்தபின் நீடித்த மந்தம் அவரது தீர்மானத்தைக் குலைத்திருக்கக்கூடும் என்றும் விசாரணைக் குழு உரைத்தது.

குறுந்தொலைவு விமானிகள் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குபவர்கள். ஒவ்வோர் இறக்கமும் கூர்ந்த கவனத்தைக் கோருவது. ஆகவே அரசு வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியது. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இவ்விதிகள் 2025 நவம்பரில் முழுமை பெற்றன. மறுமாதமே இண்டிகோ நிறுவனத்தில் விமானிகள் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் நின்றன. பயணிகள் பட்ட துயரம் மெய்யே. ஆயினும் இரவுப்பணி விதிகள் சிலவற்றிற்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளிக்கப்பட்டது நம் சிந்தனைக்குரியது.

விமானியை உருவாக்க ஆண்டுகள் ஆகும். ஆள் சேர்க்க மறந்த குறையை, இருக்கும் ஆளின் உறக்கத்தைக் கொண்டு நிரப்புவது முறையன்று. இரவெல்லாம் பேருந்து ஓட்டியவரிடம் விடியலில் நம் பிள்ளைகளை ஒப்படைப்போமா? அன்பர்களே, சில மணித் தாமதம் பொறுக்கக்கூடியதே. போன உயிர் மீளாது.