ஆண்டுதோறும் கலையும் குழுவின் இரசிகை



அண்மையில் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு சுவையான விவாதம் மூண்டது. மென்செஸ்டர் யுனைடெட் பெரிதா, லிவர்பூல் பெரிதா என்று பையன்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்றார்கள். இடையில் ஒருவன் என் பக்கம் திரும்பி, "டீச்சர், நீங்க எந்த டீமோட இரசிகை?" என்று கேட்டான். "நம் பள்ளிக் குழுவுக்குத்தான்" என்றேன். வகுப்பே சிரித்தது. "அதெல்லாம் ஒரு டீமா டீச்சர்?" என்றான் அவன்.

நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இருபது ஆண்டுகளாக ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் காற்பந்துக் குழுவுக்கு நான் இரசிகையாக இருந்து வருகிறேன். அது ஏன் என்பதை ஒருமுறையாவது முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நானாக விரும்பி இரசிகை ஆகவில்லை. 2004ஆம் ஆண்டு ஈஜோக் வட்டாரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். அன்று எங்கள் பள்ளியில் தலைமையாசிரியரைத் தவிர மற்ற அனைவரும் பெண்கள். அவருக்கோ முழங்கால் வலி. ஆகவே, புறப்பாட நடவடிக்கைகளைப் பங்கிட்டபோது காற்பந்து என் தலையில் விழுந்தது. பந்தில் எத்தனை கட்டங்கள் உண்டு என்பதைத் தவிர அந்த ஆட்டத்தைப் பற்றி வேறெதுவும் எனக்குத் தெரியாது!

எனக்குக் காற்பந்தைக் கற்றுக் கொடுத்தவர் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. பணி ஓய்வு பெற்றிருந்தார். திடலின் ஓரத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால், ஒரு மழைமரத்தடியில் பயிற்சி நாள்தோறும் வந்து அமர்வார். பிள்ளைகள் தாத்தா என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். முதல் வாரம் பேசாமல் பார்த்துக் கொண்டிருந்தார். இரண்டாம் வாரம் மெதுவாகச் சொன்னார்: "டீச்சரம்மா, பந்தையே பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. பந்து யாருகிட்ட இல்லையோ அந்தப் பையனைப் பாருங்க. ஆட்டம் அங்கதான் இருக்கு."

அன்று அவர் சொன்ன முறையில் பார்க்கத் தொடங்கியதும் ஆட்டம் வேறாகத் தெரிந்தது. பந்தோடு ஓடுபவன் ஒருவன்தான். மற்றவர்கள் இடம் பிடிக்கிறார்கள், இடம் விடுகிறார்கள், தோழனுக்காக வீணாக ஓடுகிறார்கள். பந்து தன்னிடம் வரவே வராது என்று தெரிந்தும் வலப்பக்கக் கோட்டை ஒட்டி ஓடுகிற ஒரு பையனால்தான் நடுவில் இருப்பவனுக்கு வழி திறக்கிறது. அவனை யாரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. தாத்தா மட்டும் தட்டுவார்.

அவர் பேச ஆரம்பித்தால் சிலாங்கூர்க் குழுவின் வரலாறே வரும். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரனைப் பற்றிச் சொல்வார். நீண்ட கைகளால் பந்தைப் பறித்தெடுத்து 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தைப் பற்றிச் சொல்லும்போது எழுந்து நின்று கைகளை விரித்துக் காட்டுவார். 1980 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற ஆட்டத்தைத் தோட்டத்துக் கிராணி வீட்டுத் தொலைக்காட்சியில், சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாராம். ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. "தகுதி பெற்றும் போக முடியலையே!" என்று முப்பது ஆண்டுகள் கழித்தும் அவர் வருந்துவார். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தபோது இரண்டு நாள் தம்மால் சரியாகச் சாப்பிட முடியவில்லை என்றும் சொன்னார். 2010இல் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து இந்தோனேசியாவை இரு ஆட்டங்களிலுமாக 4-2 என வீழ்த்தி மலேசியாவுக்குத் தென்கிழக்காசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தபோது, மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூட வாசலில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து நின்றார். பள்ளி விடுமுறை என்பது வந்த பிறகுதான் அவருக்கு நினைவுக்கு வந்ததாம்.

இவ்வளவு பெரிய ஆட்டங்களைக் கண்டவர், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் எழுவர் ஆட்டத்தை ஏன் இவ்வளவு ஊன்றிப் பார்க்கிறார்? எனக்கு விளங்கவில்லை. அவரிடம் ஒரு '555' குறிப்புப் புத்தகம் இருந்தது. ஆம், தோட்டத்து மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே சின்னப் புத்தகம்தான்! நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் 'நாம்', மறுபக்கம் 'அவர்கள்' என்று எழுதி, ஒவ்வோர் ஆட்டத்திலும் யார் ஆடினார்கள், யார் கோல் போட்டார்கள் என்பதைக் குறித்து வைத்திருந்தார். பிறகு நானும் ஒரு 555 வாங்கினேன். அப்படித்தான் இரசிகை ஆனேன்.

மாவட்டப் போட்டி நாள் வந்தால் முதல்நாள் இரவே எனக்குத் தூக்கம் போய்விடும். விடியுமுன் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி, ஈஜோக், அசாம் ஜாவா வழியாகக் கோலசிலாங்கூர் போய்ச் சேர்வோம். திடலில் மைலோ வண்டி நிற்கும். பிள்ளைகள் ஆட்ட அட்டவணையைப் பார்க்கும் முன் அந்த வண்டியைத்தான் பார்ப்பார்கள். வெளியே குளிர்ந்த பாவாடைத் துணி போல் பனி. உள்ளே எனக்கு வயிற்றில் கலக்கம். "கத்தாதீங்க டீச்சர், வெட்கமா இருக்கு" என்று என் குழுத்தலைவனே சொல்லும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

அந்த ஆர்வத்தில்தான் ஒரு தவறும் செய்தேன். இதுவரை யாரிடமும் இதை விரிவாகச் சொன்னதில்லை.

2011ஆம் ஆண்டு எங்களுக்கு நல்ல குழு அமைந்தது. பத்துப் பேர் கொண்ட பட்டியல். எழுவர் ஆடுவர், மூவர் மாற்று. அந்த மூவரில் ஒருவன் ஆறாம் ஆண்டு மாணவன். குட்டையானவன், ஓட்டம் போதாது. ஆனால், இரண்டு ஆண்டுகளாக ஒரு பயிற்சியையும் தவறவிடாதவன். பந்துகளைச் சாக்கில் கட்டுவதும் கூம்புகளை அடுக்குவதும் அவன்தான். கடைசி ஆட்டத்தில் 3-0 என முன்னணியில் இருந்தோம். ஐந்து நிமிடம் எஞ்சியிருந்தது. அவன் காலணிக் கயிற்றை அவிழ்த்து மீண்டும் கட்டினான், என்னைப் பார்த்தான். நான் பார்த்தும் பாராதவள்போல் திடலைப் பார்த்துக் கொண்டிருந்தேன். எனக்கு நான்காவது கோல் வேண்டியிருந்தது! கோலும் விழவில்லை, அவனும் ஆடவில்லை. வெற்றிக் கிண்ணத்தோடு படம் பிடித்தபோது ஓரத்தில் நின்று அழகாகச் சிரித்தான்.

பேருந்தில் தாத்தா என் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். கோபமில்லாமல் ஒன்றே ஒன்று சொன்னார்: "பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வருசம் ஆட்டம் இருக்கு டீச்சரம்மா. அவனுக்கு இல்லையே." அவருடைய 555இல் அன்றைய பக்கத்தைக் காட்டினார். ஆடிய ஒன்பது பேருக்குக் கீழே, பத்தாவதாக அவன் பெயரும் இருந்தது.

பந்து இல்லாத பையனைப் பார்க்கும்படி ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அவர் எனக்குச் சொல்லியிருந்தார். கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களை மட்டுமே நான் பார்க்கப் பழகியிருந்தேன்.

என் முன்னாள் மாணவி ஒருத்தி அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மேற்படிப்புப் படித்தாள். நம் இடைநிலைப்பள்ளிகளில் ஆடும் சோஃப்ட்பாலுக்கு மூத்த அண்ணனான பேஸ்பால் ஆட்டத்துக்கு அங்கே பெரும் மதிப்பு. ஒமாஹா நகரில் 1950 முதல், பெருந்தொற்று வந்த 2020 நீங்கலாக, ஆண்டுதோறும் சூன் மாதத்தில் பல்கலைக்கழகக் குழுக்களின் இறுதிச் சுற்று நடக்கிறது. நாடெங்கிலுமிருந்து எட்டுக் குழுக்கள் வந்து சேரும். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே நிறச் சட்டையணிந்து அரங்கில் அமர்ந்திருப்பார்களாம். "ஆடுகிறவர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள் டீச்சர். தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிறவர்கள் சிலர்தாம். தோற்ற குழுவில் இறுதியாண்டு மாணவர்கள் திடலைவிட்டு வர மனமில்லாமல் நின்று அழுதார்கள், எதிரணி இரசிகர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது ஈஜோக்குக்கும் ஒமாஹாவுக்கும் அதிகத் தூரமில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

மாணவர் விளையாட்டுக்கு இரசிகராக இருப்பதில் உள்ள இன்பமும் துன்பமும் இதுதான். மென்செஸ்டர் குழு ஒரு நல்ல ஆட்டக்காரரைப் பத்தாண்டு வைத்துக்கொள்ளலாம். எங்கள் குழுவோ ஆண்டுதோறும் கலைந்துவிடும். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவார்கள். அங்கே ஆயிரம் மாணவர்களுக்கிடையில் பெரும்பாலோர் மீண்டும் ஒரு குழுவில் இடம்பெறுவதில்லை. பன்னிரண்டாம் வயதில் தன் பெயரைத் திடலோரத்தில் யாரோ உரக்கக் கூவியதே அவர்கள் வாழ்நாளில் கேட்ட ஒரே ஆரவாரமாக இருக்கக்கூடும். அந்த ஆரவாரத்தை நாம் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்?

பிறகு ஒரு காலம் வந்தது. குழு கலைவது மட்டுமன்று, மீண்டும் கூடுவதே அரிதாகிவிட்டது. காரணம் தெரிந்ததுதான். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கள் வட்டாரத்திலேயே, தென்னமரம் தோட்டத்தில், ஹென்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரரால் 1917இல் தொடங்கப்பட்டது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இரப்பர் மரங்கள் இருந்த இடமெல்லாம் செம்பனை ஆனது. இரப்பருக்கு விடியற்காலைதோறும் ஆள் வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். ஆள் தேவை குறைந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். நம்மவர் கிள்ளானுக்கும் காப்பாருக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தனர். 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. 150 மாணவருக்கும் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று அரசாங்கம் கணக்கிடும். எங்கள் பள்ளியில் 2018இல் இருந்தவர்கள் 31 பேர். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஐந்தே பையன்கள்.

அண்டைத் தோட்டப் பள்ளியில் ஆறு பையன்கள் இருந்தார்கள். அவர்கள் எங்கள் பரம எதிரிகள்! தாத்தாவின் 555இல் 'அவர்கள்' என்ற பக்கத்தில் மிக அதிகமாக வரும் பெயர் அந்தப் பள்ளியின் பெயர்தான். வேறு வழியின்றி, தமிழ்ப்பள்ளிகளுக்கிடையிலான ஒரு நட்புமுறைப் போட்டிக்கு இரண்டு பள்ளிகளும் சேர்ந்து ஒரே குழுவை அனுப்ப முடிவு செய்தோம். யாருடைய சட்டையை அணிவது என்பதில் சிக்கல் வந்தது. கடைசியில் வெறும் வெள்ளைச் சட்டை என்று முடிவாயிற்று.

அப்போது மகனோடு காப்பாரில் குடியிருந்த தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்தேன். "அவங்களோட சேர்ந்தா?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். ஆனால், போட்டியன்று காலையில் எனக்கு முன்பே திடலுக்கு வந்து அமர்ந்திருந்தார்.

முதல் ஆட்டத்தில் 0-3 எனத் தோற்றோம். இரண்டாவது 1-1. மூன்றாவது ஆட்டம் 1-1 என இருந்தபோது, எங்கள் பையன் தட்டிக் கொடுத்த பந்தை அவர்கள் பையன் கோலாக்கினான். தாத்தா பேனாவைத் திறந்துவிட்டுத் தயங்கினார். "டீச்சரம்மா, இவனை எந்தப் பக்கம் எழுதறது?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், 'நாம்' என்ற பக்கத்தில் அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த சுற்றுக்கு நாங்கள் தேறவில்லை. ஆனால், அன்று பதினொரு பேரும் ஆடினார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் மாற்றி மாற்றி அனுப்பினேன். முன்னணியில் இருந்த கடைசி இரண்டு நிமிடத்திலும் ஒரு மெதுவான பையனை உள்ளே அனுப்பினேன். நெஞ்சு அடித்துக்கொண்டதை மறைக்கமாட்டேன்.

2011இல் ஓரத்தில் நின்று சிரித்த அந்த மாணவனைச் சில ஆண்டுகளுக்கு முன் பெஸ்தாரி ஜெயா சந்தையில் கண்டேன். இளைஞனாகிவிட்டான். நலம் விசாரித்தான். அன்று உன்னை ஆடவிட்டிருக்க வேண்டும் என்றேன். "பரவால்ல டீச்சர், நாமதானே ஜெயிச்சோம்" என்றான். அவன் நினைவில் வைத்திருந்தான் என்பதே எனக்குப் போதுமான தண்டனை.

ஆகவே, அன்பர்களே, சனிக்கிழமைக் காலையில் தோட்டப்புறச் சாலை ஒன்றில் போகும்போது, பிள்ளைகள் பந்தாடுவதைக் கண்டால் மகிழுந்தைச் சற்று நிறுத்துங்கள். எந்தப் பள்ளி, எந்தத் தோட்டம் என்று கேட்க வேண்டாம். கோட்டோரம் நின்று ஒரு பத்து நிமிடம் கைதட்டிவிட்டுப் போங்கள். திடலுக்கு வெளியே காலணிக் கயிற்றைக் கட்டியபடி ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் சேர்த்துத் தட்டுங்கள்.