கறுப்பும் வெள்ளியும்

மோட்டார் சைக்கிளின் குரோமியப் பளபளப்பைக் கண்டு மயங்காதவர்கள் குறைவு. ஆனால் அந்த மினுக்கில் குரோமியத்தின் பங்கு சொற்பம்தான். இரும்பைப் பஃப் சக்கரத்தில் தேய்த்துக் கண்ணாடியாக்கி, செம்பும் நிக்கலும் ஏற்றி, கடைசியில்தான் குரோமியம் பூசுகிறார்கள். அதன் கனம் தலைமயிரில் நூறில் ஒரு பங்குகூட இராது. நிக்கலின் உழைப்பு, குரோமியத்துக்குப் பெயர்! பல குடும்பங்களிலும் இப்படித்தானே நடக்கிறது?

இந்த ஞானமெல்லாம் எனக்கு வந்தது என் அக்காள் மகன் புண்ணியத்தில். அத்தான் 1992-ல் வாங்கிய புல்லட் ஒன்று அவர்கள் வீட்டில் இருக்கிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்ததன் பலனாகத் திருவொற்றியூரில் எழுந்த ஆலையின் வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். டாங்க் கறுப்பு, அதன்மேல் மெல்லிய தங்கக் கோடு. அத்தான் காலமான பிறகு இரண்டு வருஷம் அது கோணிக்குள் கிடந்தது. பையன்தான் வெளியே எடுத்தான்.

அவன் ஆறடி உயரம். பழைய ஹேண்டில்பார் தாழ்வு. முதுகு வலிக்கிறது என்றான். உயரமான புதுக் கைப்பிடி, அதற்கும் மற்ற வெள்ளிப் பாகங்களுக்கும் கறுப்புப் பவுடர் பூச்சு என்று அவன் திட்டம். சட்டத்துக்கு விரோதமாக எதுவும் செய்ய மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தான்.

அக்காள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் சங்கடம். பழைய ஹேண்டில்பாரின் இடது பக்கத்தில், அத்தான் தினமும் காய்கறிப் பை மாட்டி மாட்டி, குரோமியம் தேய்ந்து ஒரு சிறு பள்ளம் விழுந்திருந்தது. அவள் வண்டியைத் துடைக்கும்போது விரல் அங்கே ஒரு கணம் நிற்கும். நான் பார்த்திருக்கிறேன். பையனும் பார்த்திருக்கிறான் போலும்.

புதுப்பேட்டைக்கு நானும் போனேன். "பாய், இந்தப் பழசையே கொஞ்சம் உயர்த்தி, பளபளன்னு ஆக்கிட முடியாதா?" என்றேன்.

"வளைச்சா பூச்சு வெடிச்சுடும், சார். மறுபடி ஏத்தணும்னா பழசை உரிச்சுப் பஃப் போடணும். இந்தப் பள்ளம் இருக்காது" என்றார் அவர், பள்ளத்தைத் தடவிக்கொண்டே.

பையன் சற்று நேரம் பேசவில்லை. "இதை இப்படியே கழற்றிக் கொடுங்க, பாய்" என்றான்.

ஹேண்டில்பாரை மாற்றுவது நாலு திருகாணி விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பிடி உயர்ந்தால் பழைய கேபிள்கள் எட்டாது. கிளட்ச், ஆக்ஸிலேட்டர், முன் பிரேக், பழைய புல்லட்டுக்கே உரிய டீகம்ப்ரஸர் - நாலுக்கும் நீளக் கேபிள் வேண்டும். விளக்கு ஒயர்களையும் நீட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்காவது கேபிள் இழுபட்டால் வளைவில் எஞ்சின் தானாகவே சீறிவிடும். பாய் மூன்று தரம் திருப்பிப் பார்த்தார். சாயங்காலம் ஆகிவிட்டது.

கறுப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அடுப்பில் சுட்டெடுத்த பூச்சு நன்றாகவே தாங்கும்.

வீட்டில் அக்காள் வண்டியைச் சுற்றி வந்தாள். பழைய கைப்பிடியை வாங்கி, அத்தானுடைய வேஷ்டி ஒன்றில் சுற்றி பீரோவுக்குள் வைத்தாள். திரும்பி வந்து, "ஏண்டா, பையை எங்கே மாட்டுவே?" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவன் மீண்டும் புதுப்பேட்டைக்குப் போய்ச் சீட்டுக்குக் கீழே ஒரு கொக்கி மாட்டிக்கொண்டு வந்தான். வெள்ளி நிறக் கொக்கி.