நான் பிழை போட்ட ஒரு விடை



கொஞ்சம் நீளமான பதிவு. இடையில் கணினி விசயமும் வரும். ஆனாலும் இது ஒரு பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்ட கதை. பெற்றோரும், என்னைப் போன்ற ஆசிரியர்களும் கடைசி வரை வாசித்தால் சந்தோசம்.

போன வருடம் உயர்தர தகவல் தொடர்பாடல் தொழினுட்ப வகுப்புக்கு இரண்டாம் தவணைப் பரீட்சை. வினாத்தாள் நான் தயாரித்தது. அதில் ஒரு கேள்வி: “நான்கு கோர் உள்ள கணினியில் எந்த இழை எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? விளக்குக.” ஆறு புள்ளி. நான் எதிர்பார்த்த விடை, பணிசெயல் முறைமை, அதாவது நாங்கள் ஓஎஸ் என்று சொல்வது.

கடைசி வாங்கில் இருக்கும் ஒரு மாணவன் வேறு மாதிரி எழுதியிருந்தான். “ஓஎஸ் மட்டும் இல்லை. ஒரு மென்பொருள் தன் இழைகளைத் தானே பிரித்து ஓட்டவும் முடியும். அப்போது மொத்தம் எத்தனை இழைகள் இருக்கின்றன என்பதே ஓஎஸ்ஸுக்குத் தெரியாது.” நான் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு போட்டேன். பூச்சியம்.

விடைத்தாள் கொடுத்த அன்று எழும்பி நின்றான்.

“சேர், இது சரிதானே? என்ட லெப்டொப்ல ஒரு லட்சம் இழை ஓட்டிப் பார்த்தன் சேர்.”

அவனுடைய லெப்டொப் எனக்குத் தெரியும். கட்டாரில் இருக்கும் காக்கா பாவித்துவிட்டு அனுப்பியது. இரண்டு கோர்தான். நான் சிரித்தேன்.

“ஒரு லட்சமா மகன்? பத்தாயிரத்திலேயே அது நின்றிருக்கும். கதை அளக்காம இரி.”

வகுப்பே சிரித்தது. அவன் இருந்துவிட்டான்.

அடுத்த கிழமை அவன் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் உம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன். “மாமாட ஃபோன் கடைக்குப் போறான் சேர். இந்தப் பாடம் தனக்குச் சரிவராதாம். சொல்லிப் பார்த்தாச்சு, கேக்கிறான் இல்ல” என்றார். அந்தப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தைத் தவிர வேறொன்றிலும் ஆசை இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்று இரவு இஷாவுக்குப் பிறகு கணினியைத் திறந்து தேட ஆரம்பித்தேன். அவன் சொன்னது பிழை என்று நிரூபிக்கத்தான் தேடினேன், மறைக்க மாட்டேன். இரண்டு இரவு வாசித்த பிறகு விளங்கியது, விசயம் தெரியாமல் இருந்தது நான்தான் என்று.

கணினி தெரியாதவர்களுக்கு எங்கள் பாடசாலையை வைத்தே சொல்கிறேன்.

ஒரு பாடசாலைக்கு நான்கு ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களைத் தருவது வலயக் கல்வி அலுவலகம். ஆசிரியர்கள்தான் கோர்கள், வலயம்தான் ஓஎஸ், நடக்க வேண்டிய பாடவேளைகள்தான் இழைகள். இப்போது ஒவ்வொரு பாடவேளை முடியும்போதும் “அடுத்து எந்த வகுப்புக்குப் போவது?” என்று வலயத்துக்குக் கடிதம் எழுதினால் பாடசாலை நடக்குமா? நடக்காது. பிரதி அதிபர் ஒரு துண்டுத் தாளில் ரிலீஃப் போடுவார், வேலை முடிந்துவிடும். அந்தத் துண்டுத் தாள் வலயத்துக்குத் தெரியவும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

கணினியிலும் அப்படித்தான். ஓஎஸ் ஊடாக ஓர் இழையை நிறுத்தி இன்னொன்றை ஓட்ட மைக்ரோ செக்கன் கணக்கில் நேரம் போகும். மென்பொருள் தனக்குள்ளேயே மாற்றிக்கொண்டால் அதை விடப் பல மடங்கு விரைவு. இடமும் மிச்சம். லினக்ஸில் ஓஎஸ் தரும் ஓர் இழைக்கு வழமையாக 8 மெகாபைட் வரை அடுக்கு இடம் குறித்து வைக்கப்படும். கூகுளில் உருவாகி 2009இல் வெளியான ‘கோ’ மொழியில் ஓர் இழை தொடங்கும்போது அதற்கான அடுக்கு 2 கிலோபைட்தான். தேவைப்பட்டால் வளரும். ஒரு லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 200 மெகாபைட். அவனுடைய லெப்டொப்பில் 4 ஜிகாபைட் நினைவகம் இருந்தது. அவன் கதை அளக்கவில்லை.

இன்னொன்றும் வாசித்தேன். ‘கோ’வில் ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை உண்டு. ஒரு கோரின் வரிசை காலியானால் அது சும்மா இருக்காது. வேறொரு கோரின் வரிசையில் இருப்பதில் பாதியை எடுத்துக்கொள்ளும். இதற்கு ‘வேலைத் திருட்டு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் இப்படித் திருடக்கூடிய ஆட்கள் இருந்தால் எவ்வளவு நல்லது!

அப்படியானால் நான் எழுதிக் கொடுத்த விடை முழுப் பிழையா? அதுவும் இல்லை. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

பிரதி அதிபருக்குச் சொல்லாமல் வலயம் ஓர் ஆசிரியரை நேரடியாகச் செயலமர்வுக்கு அழைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரசூசியில் அவருடைய பெயர் இருக்கும், வகுப்பில் ஆள் இருக்காது. பிள்ளைகள் சத்தம் போடுவார்கள், ஏன் என்று பிரதி அதிபருக்கு விளங்காது. மென்பொருள் தானே இழைகளை ஓட்டும்போதும் இதே சிக்கல் வந்தது. ஓர் இழை கோப்பு ஒன்றை வாசிக்கக் காத்திருந்தால் அதைச் சுமக்கும் ஓஎஸ் இழையும் சேர்ந்து நின்றுவிடும். மென்பொருளுக்கு அது தெரியாது. 1991இல் அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். கோரைக் கொடுக்கும்போதும், எடுக்கும்போதும், இழை நின்றுபோகும்போதும் ஓஎஸ் மென்பொருளுக்கு அறிவிக்க வேண்டும் என்பதுதான் அது. கேட்க இலகு, செய்யக் கஷ்டம். சொலாரிஸும் ஃப்ரீபிஎஸ்டியும் பல இழைகளைச் சில ஓஎஸ் இழைகளின் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கைவிட்டன. லினக்ஸிலும் 2002 அளவில் இரண்டு திட்டங்கள் போட்டி போட்டன. ஓர் இழைக்கு ஓர் ஓஎஸ் இழை என்ற நேரான வழியே வென்றது. நான் படித்ததும் படிப்பித்ததும் அந்த வழி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜாவா ஆரம்ப காலத்தில் தன் இழைகளைத் தானே ஓட்டியது. ஆனால் அப்படி ஓட்டியதால் ஒரு கோருக்கு மேல் பாவிக்க முடியவில்லை, அதனால் விட்டுவிட்டது. இருபது வருடத்துக்கும் மேல் கழித்து, 2023இல் வந்த ஜாவா 21இல் அதே எண்ணம் எல்லாக் கோர்களையும் பாவிக்கும் விதத்தில் திரும்ப வந்தது. 2018இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் ‘அரக்னி’ என்ற ஒன்றை வெளியிட்டார்கள். அதில் மென்பொருள் “எனக்கு இத்தனை கோர் வேண்டும்” என்று கேட்கும். கிடைத்த கோர்களுக்குள் எது எங்கே ஓடுவது என்பதைத் தானே பார்த்துக்கொள்ளும். லினக்ஸின் உட்கருவில் கை வைக்காமலே இதைச் செய்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அந்த ஃபோன் கடைக்குப் போனேன். உடைந்த திரை ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். மாமா கதிரை போட்டுத் தந்தார்.

“மகன், உங்கட விடை சரி. நான்தான் பிழை விட்ட. மன்னிச்சுக்கொள்ளுங்க” என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, “முழுக்கச் சரி இல்ல சேர்” என்றான்.

எனக்குத் திகைப்பு. அவனே விளக்கினான். ‘கோ’வில் முன்பு ஓர் இழை, இடையில் வேறெதையும் அழைக்காமல் ஒரே சுற்றில் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்த வழி இல்லையாம். மற்ற இழைகள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். 2020இல் வந்த 1.14 பதிப்பில்தான் அதைச் சரிசெய்தார்களாம். எப்படி? ஓஎஸ் அனுப்பும் சமிக்ஞையைப் பாவித்து.

“அப்ப கடைசில ஓஎஸ்ஸும் வேணும் சேர். தனிய ஏலாது. நான் அதையும் எழுதி இருக்கணும்.”

பூச்சியம் வாங்கிய பிள்ளை, தன் விடையில் தானே குறை கண்டுபிடித்து வைத்திருக்கிறான். நானோ அவனுடைய விடையை இரண்டாம் முறை வாசிக்கவும் இல்லை.

திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்தான். சிரித்தது வகுப்புக்கு முன்னால் என்பதால் மன்னிப்பும் வகுப்புக்கு முன்னால்தான் என்று முடிவெடுத்திருந்தேன். சொன்னேன். தொண்டை கொஞ்சம் அடைத்தது. பதினெட்டு வருட சேவையில் அப்படி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை. பிறகு அவனையே முன்னுக்கு அழைத்து, அந்த ஒரு லட்சம் இழையையும் ஆய்வுகூடக் கணினியில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். சில செக்கன்தான். ஓடி முடிந்தது. அதிபரிடம் காரணத்தைச் சொல்லி, புள்ளிப் பதிவேட்டிலும் திருத்திக் கையொப்பம் வைத்தேன். ஆறுக்கு ஐந்து கொடுத்தேன். ஒரு புள்ளியை ஏன் குறைத்தேன் என்று அவனுக்குத் தெரியும்.

அரச பரீட்சையில் பாடத்திட்டத்தில் உள்ளபடிதான் எழுத வேண்டும் என்பதையும் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். புள்ளி முக்கியம், அது எனக்கும் தெரியும். ஆனால் பாடத்திட்டம் எழுதி முடிந்த இடத்தில் அறிவு முடிந்துவிடுவதில்லை.

இதை ஏன் பொதுவெளியில் எழுதுகிறேன்? எங்கள் ஊரில் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் “வாய்க்கு வாய் கதைக்காத” என்று சொல்லிப் பழகிவிட்டோம். வீட்டிலும் அப்படி, வகுப்பிலும் அப்படி. நான் அன்று சொன்னது ஒரே ஒரு வசனம். அந்த ஒரு வசனத்தில் ஒரு பிள்ளை படிப்பையே விடப் பார்த்தான். நான் அழைப்பு எடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் இரவில் யோசிப்பேன்.

ஆசிரிய நண்பர்களே, உங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளை சொன்னால் உடனே கோடு போடாதீர்கள். “நாளைக்குப் பார்த்துச் சொல்றன்” என்று சொல்லுங்கள். மரியாதை குறையாது. எனக்குக் குறையவில்லை.

பெற்றோரே, பிள்ளை பாடசாலைக்குப் போகமாட்டேன் என்றால் ஏன் என்று கேளுங்கள். சில நேரம் பிழை பிள்ளையிடம் இருக்காது.

அந்த மகன் இந்த வருடம் பரீட்சை எழுதுகிறான். எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்து அவனுக்காகவும் துஆ செய்யுங்கள்.