எந்த இடத்தில் என் பெயர்?

ரவீந்திர சரோபர் ஏரிக்கரையில் காலை நடையின்போது இரு முதியவர்களை நாள்தோறும் காண்பேன். ஒருவர் தஞ்சைப் பக்கத்துத் தமிழர். பழைய இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியாகச் சேர்ந்து, டம்டம்மைத் தளமாகக் கொண்டு பறந்து, ஓய்வுக்குப் பின் இந்நகரிலேயே தங்கிவிட்டவர். மற்றவர் வங்காளி; ஏர் இந்தியாவில் பணிக்காலம் முழுவதையும் மும்பையில் கழித்துவிட்டு, பிறந்த ஊருக்குத் திரும்பியவர். மீன் விலை முதல் அரசியல் வரை எல்லாவற்றிலும் இருவரும் உடன்படுவார்கள், 2007-ஐத் தவிர.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்றுதான் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒரே அரசு நிறுவனமாக இணைக்கப்பட்டன. ஒன்று வெளிநாடுகளுக்கும் மற்றொன்று பெரும்பாலும் உள்நாட்டிலும் பறந்தவை என்பதால் இணைப்பு எளிதாக முடியும் என்று தாளில் தோன்றியது. நடந்தது வேறு. 2011 ஏப்ரல் இறுதியில், சம ஊதியம் கேட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் பிரிவு விமானிகள் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 2012 மே மாதம், ட்ரீம்லைனர் விமானத்துக்கான பயிற்சியை அவர்களுக்கும் அளிப்பதை எதிர்த்து ஏர் இந்தியா பிரிவு விமானிகள் பணிக்கு வர மறுத்தனர். அப்போராட்டம் 58 நாள் நீடித்தது. இரு முறையும் சங்க அங்கீகாரம் பறிக்கப்பட்டது. பலர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். நிறுவனம் ஒன்றாகி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தும், விமானிகள் இரு நிறுவனத்தாராகவே இருந்தனர்.

நெடுங்காலம் இதை, நல்ல ஊதியம் பெறுவோர் மேலும் கேட்கும் சண்டையாகவே எண்ணியிருந்தேன். ஒரு நாள் அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். தமிழர் கோபித்துக்கொள்ளவில்லை. “தம்பி, விமானியின் சொத்து சம்பளம் இல்லை, ஓர் எண். மூப்புப் பட்டியலில் அவன் எத்தனையாவது ஆள் என்ற எண்” என்றார்.

துணை விமானி எப்போது கமாண்டர் ஆவார், சிறிய விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு எப்போது மாறுவார், எந்த ஊரைத் தளமாகப் பெறுவார், பூஜை விடுமுறையில் வீட்டில் இருப்பாரா வானில் இருப்பாரா என்பவற்றில் பெரும்பகுதியை அந்த எண்ணே தீர்மானிக்கிறது. அதை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் புதிய இடத்தில் வரிசையின் கடைசியில் நிற்க நேரும். ஆகவே இரு நிறுவனங்கள் இணையும்போது, கணக்கேடுகள் ஒன்றாவதைவிட இரு பட்டியல்கள் ஒன்றாவதே விமானிக்குப் பெரிய செய்தி.

ட்ரீம்லைனர் சிக்கலின் வேரும் இதுவே. இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியா 68 போயிங் விமானங்களுக்கு ஆணை கொடுத்திருந்தது. அவற்றுள் 27 ட்ரீம்லைனர்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் தனியாக 43 ஏர்பஸ் விமானங்களை வாங்கியிருந்தது. “அந்த 27 விமானங்கள் எங்களுக்காக வந்தவை. கமாண்டர் பதவிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த எங்கள் பிள்ளைகளின் இடத்தில் வேறொருவர் வந்து அமர்வது என்ன நியாயம்?” என்பது வங்காளிப் பெரியவரின் வாதம். தமிழர் விடவில்லை. “தாதா, நிறுவனம் ஒன்று, முதலாளி ஒன்று, இழப்பும் ஒன்று. விமானம் மட்டும் எப்படி உங்களுடையது? நாங்கள் சிறிய விமானத்திலேயே ஓய்வுபெற வேண்டும் என்று எந்த ஆணையில் எழுதியிருக்கிறது?” அரசும் இதைத் தீர்க்க 2011-இல் நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அறிக்கை 2012 ஜனவரியில் வந்தது. வேலைநிறுத்தம் அதற்குப் பின்னும் வந்தது.

எந்த முறை நியாயமானது என்று கேட்டேன். தமிழர் பெஞ்சில் அமர்ந்து, செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினார். பழைய நிறுவனம் ஒன்று, பத்து விமானிகள், எல்லோரும் 1985-க்கும் 1995-க்கும் இடையில் சேர்ந்தவர்கள். வேகமாக வளர்ந்த புதிய நிறுவனம் ஒன்று. அங்கும் பத்துப் பேர். எல்லோரும் 1998-க்குப் பின் வந்தவர்கள். சேர்ந்த தேதிப்படி இணைத்தால் முதல் பத்து இடங்களும் பழையவர்களுக்கே. நேற்றுவரை தன் நிறுவனத்தில் முதலாமவராக இருந்தவர் இன்று பதினொன்றாமவர். அதைத் தவிர்க்க ஒருவர் விட்டு ஒருவராகக் கோத்தால், அவர் இரண்டாமிடத்தில் அமர்வார். அவருக்கு முன்பே பணியில் சேர்ந்த ஒன்பது பேர் அவருக்குக் கீழே நிற்பார்கள். முதல் முறை உழைத்த ஆண்டுகளை மதிக்கிறது. இரண்டாவது, இணைப்புக்கு முன் ஒருவர் அடைந்திருந்த இடத்தை மதிக்கிறது. இரண்டும் நியாயம், ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது உடைகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அமெரிக்காவில் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005-இல் இணைந்தன. 2007-இல் நடுவர் தந்த பட்டியல், மூத்த சிலரை மேலே வைத்துவிட்டு ஏனையோரைப் பெரிதும் விகித முறையில் கோத்தது. பணியாண்டுகள் மிகுந்த கிழக்குப் பிரிவினர் அதை ஏற்கவில்லை. எண்ணிக்கையில் அவர்களே மிகுதி என்பதால், 2008-இல் வாக்களித்துச் சங்கத்தையே மாற்றினார்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. 2013-இல் அந்நிறுவனமே அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்தபோதும், முதல் இணைப்பின் விமானிகளுக்கு நடைமுறையில் ஒரே பட்டியல் உருவாகியிருக்கவில்லை. பெரும்பான்மையின் வாக்கு ஒரு பட்டியலைத் தடுக்க வல்லது. அதனால் மட்டும் இன்னொரு பட்டியல் நியாயமாகிவிடாது.

கொல்கத்தா இத்தகைய இணைப்புகளை முன்பே கண்ட நகரம். 1953 ஆகஸ்டில் எட்டு விமான நிறுவனங்களை அரசு கையகப்படுத்தி இந்தியன் ஏர்லைன்ஸை உருவாக்கியபோது, பாரத் ஏர்வேஸ், ஏர்வேஸ் (இந்தியா), ஹிமாலயன் ஏவியேஷன் ஆகியவை இந்நகரத்தைத் தளமாகக் கொண்டிருந்தன. அவற்றின் பெயர்கள் இன்று பலருக்கும் நினைவில்லை. 2020 ஏப்ரல் 1 அன்று, இங்கே தலைமையகம் கொண்டிருந்த அலகாபாத் வங்கி, சென்னையின் இந்தியன் வங்கியோடு இணைந்தது. 1865-இல் தோன்றிய வங்கியை 1907-இல் தோன்றிய வங்கி உள்வாங்கியது. தமிழனாக அன்று எனக்குள் ஒரு சிறு பெருமை எழுந்தது உண்மை. அன்று பெயர்ப்பலகையை இழந்தவர் எவர் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவுக்குள் மறைந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஏர் இந்தியாவின் முறையை ஒட்டி அமைந்த புதிய ஊதிய ஒப்பந்தத்தால் விஸ்தாரா விமானிகளிடையே அதிருப்தி எழுந்ததும், பல விமானங்கள் ரத்தானதும் நினைவிருக்கும். அச்செய்தி வந்த காலையில் இரு பெரியவர்களும் அதிசயமாக ஒரே பக்கம் நின்றார்கள். “இணைப்பை அறிவிப்பவர்கள் பட்டியலைக் கடைசிக்கு ஒத்திவைக்கிறார்கள். அதைத்தான் முதலில் எழுத வேண்டும்” என்றார் வங்காளிப் பெரியவர். தமிழர் தலையசைத்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் பயிலும் ஆய்வு மையம் வேறொரு மையத்தோடு இணைக்கப்படவிருக்கிறது. விடுதி அறைகளும் களப்பணி நிதியும் குறைவு என்பதால், ஆய்வு மாணவர்களுக்கு ஒரே முன்னுரிமைப் பட்டியல் வேண்டும். அதற்கான விதியை எழுதும் பொறுப்பு என்னிடமும் வேறு இருவரிடமும் தரப்பட்டது. சேர்ந்த தேதிப்படி என்று முதல் வரைவில் எழுதினேன். எளிய விதி, எவரும் குறை சொல்ல முடியாத விதி என்று நம்பினேன். எங்கள் மையத்தில் முதல் நாளையே சேர்ந்த நாளாகக் கணக்கிடுகிறார்கள்; அவர்கள் மையத்திலோ பாடநெறி முடிந்து, ஆய்வுத் தலைப்பு ஏற்கப்பட்ட நாளிலிருந்து. என் விதிப்படி, ஒரே பருவத்தில் படிப்பைத் தொடங்கியவர்களில் எங்களவர் ஓராண்டுக்கும் மேலாக மூத்தவர் ஆகிவிடுவார். அவ்விதியில் நான் நான்காமவன்.

வரைவைத் தமிழரிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “நீ எந்த மையத்து ஆள் என்று தெரியாத ஒருவர் இதைப் படித்தால், கண்டுபிடித்துவிடுவாரா?”

கண்டுபிடித்துவிடுவார். இரண்டாம் வரியிலேயே.

அன்றிரவு விதியை மாற்றி எழுதினேன். இரு மையத்தாருக்கும் படிப்பைத் தொடங்கிய நாளே கணக்கு. ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருப்போருக்கு, எந்த மையத்தவராயினும், அறையில் முன்னுரிமை. ஏற்கெனவே அறை பெற்றவரை வெளியேற்றக் கூடாது. இதுவும் முழு நியாயம் அன்று. இதனால் இழப்பவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள் என்பது மட்டுமே இதன் தகுதி. புதிய வரைவில் நான் ஏழாமவன். களப்பணி நிதி இவ்வாண்டு ஐவருக்குத்தான்.

அடுத்த வாரம் கூட்டம். எங்கள் மையத்து நண்பர்கள் சிலர் இப்போதே என்னிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. நான்காம் இடத்தில் இருந்தபோது நானும் என் வரைவை நியாயம் என்றே நம்பினேன்.