கையகல ரப்பர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, காதலைப் பற்றியும் கார்மேகத்தைப் பற்றியும் எழுத வகுப்பில் பலர் முந்திக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது டயர். சிரிக்க வேண்டாம், தோழர்களே! என் தந்தை ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை செல்லும் சாலையில் முப்பது ஆண்டுகளாகப் பஞ்சர் கடை நடத்துகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் பேருந்துக் கட்டணமும் ரெக்கார்டு நோட்டும் டயரிலிருந்துதான் வருகின்றன. தெரியாத காதலை எழுதுவதைவிடத் தெரிந்த டயரை எழுதுவது நேர்மையல்லவா?

எங்கள் கடைக்கு வருபவை பெரும்பாலும் லாரியும் ஜீப்பும் டெம்போவும்தான். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள், அங்கே யாரும் காணாத வண்டி ஒன்று வந்து நின்றது. இரண்டே கதவுகள், நீண்ட மூக்கு, பின்னோக்கிச் சரிந்த கூரை. டொயோட்டா நிறுவனம் 1970-இல் வெளியிட்ட ‘செலிகா’ என்னும் கூபே வகைக் கார். உரிமையாளர் மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் அலுவலர். அவருடைய தந்தை சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த வண்டியாம். பின்னிருக்கையில், காலை மடக்கிக்கொண்டு அவருடைய இரு பிள்ளைகள் இருந்தார்கள். வண்டியின் டயர்கள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. பள்ளங்களுக்கு நடுவே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்தால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அந்த மட்டம் நான்கிலும் வந்துவிட்டிருந்தது.

மாற்று டயர்களையும் அவரே கொண்டுவந்திருந்தார். யாரோ பழைய கார் பிரியர் ஒருவரிடம் வாங்கிய வெளிநாட்டு டயர்கள் நான்கு. 185/70 ஆர்13, வண்டிக்குரிய அதே அளவு. பட்டன் துளியும் தேயவில்லை. கருகருவென்று பளபளத்தன. மாட்டிக் கொடுத்தால் மாலைக்குள் மலையேறிவிடலாம் என்றார்.

என் தந்தை ஒரு டயரைத் தூக்கி நிறுத்தி, கட்டைவிரல் நகத்தால் பட்டனை அழுத்தினார். நகம் இறங்கவில்லை. பக்கச் சுவரை வளைத்துப் பார்த்தார். நூலிழை போல வெடிப்புகள் ஓடின.

“ஏனுங்க, இது ரப்பரு இல்லீங்க, கல்லுங்க. மலைக்கு இத மாட்டி உடமாட்டனுங்க” என்றார்.

“பட்டன் எல்லாம் அப்படியே இருக்குதே அண்ணா?”

“பட்டன் இருக்குதுங்க. புடிப்பு இருக்காதுங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “கண்ணு, அதுல என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு.”

டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னே ஒரு தொடர் இருக்கும். அதன் கடைசி எண்கள் டயர் பிறந்த நாளைச் சொல்பவை. 2000-ஆம் ஆண்டு முதல் நான்கு இலக்கங்கள்: முதலிரண்டு வாரம், அடுத்திரண்டு ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம். நான் குனிந்து படித்த டயரில் மூன்றே இலக்கங்கள்தாம் இருந்தன: 388. அதாவது எட்டில் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் 38-ஆவது வாரம். மூன்று இலக்கம் என்பதால் அது 2000-க்கு முந்தியது. 1998 என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்த டயர் என்னைவிட மூத்தது!

உரிமையாளர் நம்பவில்லை. “ஓடாத டயர் எப்படிக் கெட்டுப்போகும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பழைய கூபே வைத்திருப்பவர்கள் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வண்டியை மாதக்கணக்கில் கொட்டகையில் துணி போர்த்தி வைப்பார்கள், பட்டன் தேயாது, எனவே டயர் புதிது என்று எண்ணுவார்கள்.

1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியபோது, ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே கந்தகம் குறுக்குக் கட்டுகளைப் போட்டது. அதனால்தான் ரப்பருக்கு வலிமை வந்தது. ஆனால் அந்த வேலை தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஆண்டுக்கணக்கில் மேலும் மேலும் கட்டுகளைப் போட்டு ரப்பரை இறுக்கிக்கொண்டே போகின்றன. ஓசோன் வாயு மேற்பரப்பில் வெடிப்பை உண்டாக்குகிறது. இதைத் தடுக்கவென்றே டயரில் மெழுகும் காப்பு வேதிப்பொருள்களும் கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை மேலே கசிந்து வந்து காக்கும். நின்ற வண்டியின் டயருக்கு அந்தக் காப்பும் குறைவு. பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்தாண்டுக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று டயர் நிறுவனங்கள் பலவே சொல்கின்றன.

இறுகினால் என்ன கெட்டுவிடும்? நம் முதலாண்டுப் பாடத்தில், உராய்வு தொடுபரப்பின் அளவைச் சார்ந்ததன்று என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அது பொருந்தும். ரப்பர் அந்த விதிக்கு அடங்காத பிள்ளை. அது சாலையோடு ஒட்டிக்கொள்கிறது; அதோடு, சாலையின் சிறு கற்களுக்கிடையே நெளிந்து இறங்கிக் கவ்வுகிறது. மழையில் தண்ணீர் இடையே புகுந்து ஒட்டுதலைக் கெடுத்துவிடும். அப்போது மிஞ்சுவது கவ்வுதல் ஒன்றுதான். இறுகிய ரப்பரால் நெளிய முடியாது, கவ்வவும் முடியாது. தந்தையின் நகம் அளந்தது இதைத்தான். அவர் இதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆழியாறு தாண்டி 40 கொண்டையூசி வளைவுகள் ஏறி இறங்கும் வண்டிகளின் டயர்களைக் கழற்றிக் கழற்றிக் கற்றது.

நான் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன். வண்டியும் ஆட்களும் சேர்ந்து 1,000 கிலோ என்று கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. காற்றழுத்தம் 28 பவுண்டு; சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.97 கிலோ. வகுத்தால் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 127 சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கை அகலம். நான்கையும் கூட்டினாலும் ஓர் ஏ4 தாளைவிடச் சிறியது. இருபுறமும் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, தென்மேற்குப் பருவமழையில், அந்தத் தாளளவு ரப்பரை நம்பித்தான் மலையேற வேண்டும்.

அவர் சற்று இறங்கிவந்தார். புதிதாக இரண்டு மட்டும் வாங்கி முன்பக்கம் போட்டால் போதாதா என்றார். இரண்டே வாங்கினாலும் பின்பக்கந்தான் போடுவேன் என்றார் தந்தை. இதைக் கேட்டு வியக்காதவர் குறைவு. முன்சக்கரம் வழுக்கினால் வண்டி வளைவில் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க இயலாது.

நான்கும் வாங்குவதென்று முடிவாயிற்று. பொள்ளாச்சியில் விசாரித்தோம். 185/70 ஆர்13 எங்கும் இல்லை. (இதிலுள்ள ‘ஆர்’ ஆரத்தைக் குறிப்பதாக என் வகுப்புத் தோழர்களே நினைக்கிறார்கள். அது ரேடியல் என்பதன் முதலெழுத்து; 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.) கிடைத்தது 175/70 ஆர்13, 82 டி. உரிமையாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. தம் வண்டி பந்தயக் குதிரை, அதற்கு ‘எச்’ எழுத்து டயர்தான் வேண்டும் என்றார். வேக எழுத்துகளில் ‘டி’ மணிக்கு 190 கிலோமீட்டர், ‘எச்’ 210. எந்த அகர வரிசைக்கும் கட்டுப்படாமல் 200-க்குரிய ‘யு’வுக்கும் 240-க்குரிய ‘வி’க்கும் நடுவே போய் உட்கார்ந்திருக்கிறது அந்த ‘எச்’. வால்பாறைச் சாலையில் நாற்பதைத் தாண்டுவதே அரிது. 1998-இல் செய்த ‘எச்’சைவிட இந்த ஆண்டில் செய்த ‘டி’ மேல் என்பது என் துணிபு. 82 என்னும் எண் ஒரு டயருக்கு 475 கிலோ, நான்குக்கு 1,900. பாரத்துக்குக் குறைவில்லை.

அளவு மாறுவதால் நேரும் வேறுபாடு இதுதான்: பழைய அளவின் விட்டம் 589.2 மில்லிமீட்டர், புதியது 575.2. வித்தியாசம் 14 மில்லிமீட்டர். வண்டி 7 மில்லிமீட்டர் தாழும். வேகமானி 100 காட்டும்போது உண்மை வேகம் 97.6 ஆக இருக்கும். “அப்போ முள்ளு கொஞ்சம் பொய் சொல்லும், அவ்வளவுதானே?” என்று தந்தை சிரித்தார்.

உள்ளூர் டயரா என்று உரிமையாளர் முணுமுணுத்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று எங்கே நிற்கிறது என்று கேட்க நாக்கு துடித்தது. வாடிக்கையாளர் ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.

கோவையிலிருந்து டயர் வர நான்கு நாள் ஆயிற்று. அவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அன்று பேருந்தில் மலையேறினார். கடை வாசலைக் கார் அடைத்துக்கொண்டதால் லாரிகள் அடுத்த கடைக்குப் போயின. தந்தை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் நான்கையும் மாட்டி, பேலன்சிங் பார்க்க வேறு கடைக்கு அனுப்பி, காற்றைக் குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

அந்த வெளிநாட்டு டயர்கள் எங்களிடமே தங்கின. பளபளப்பைப் பார்த்துவிட்டு மறுநாளே ஒருவர் விலை கேட்டார். தந்தை உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து, நான்கின் பக்கச் சுவரையும் நீளமாகக் கீறிப் போட்டார்.